ரெண்டு விசில்

கோடம்பாக்கம் மேம்பாலத்தின் ஏற்றத்தில் கார் முக்க ஆரம்பித்ததும் தெய்வசிகாமணி நாக்கைக் கடித்துக்கொண்டார். மூன்றாவது கியரிலேயே ஏறுகிறாள். ரெண்டுக்கு இறக்கு, ரெண்டுக்கு இறக்கு என்று நெஞ்சுக்குள் ஒருத்தர் மேசையைத் தட்டிக் கத்துகிறார்; வெளியே இவர் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சாமி படம் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். வாயைத் திறந்தால் போச்சு. வடபழனியில் வண்டியை எடுக்கும்போதே அஞ்சுகம் சொல்லிவிட்டாள். "இங்கேர்ந்து பீச் வரைக்கும் நீங்க வாயைத் தொறக்கக் கூடாது. ஒரு வார்த்தை வந்துது, அங்கியே ஓரங்கட்டிட்டு எறங்கிடுவேன். அப்புறம் ஜென்மத்துக்கும் இந்த ஸ்டீரிங்கைத் தொட மாட்டேன்." சொன்னால் செய்கிறவள். முப்பத்தாறு வருஷமாகப் பார்க்கிறாரே. போன மாசம் சாலிகிராமம் மார்க்கெட் பக்கத்தில், கிளட்ச், கிளட்ச், ஏய் கிளட்ச் என்று இவர் மூன்றாவது தடவை சொன்னபோது, வண்டியை அப்படியே காய்கறிக் கடைக்கு முன்னால் நிறுத்திவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். இருபத்தெட்டு வருஷம் மாநகரப் பேருந்து ஓட்டிய மனிதர், ஓட்ட முடியாத காருக்குள்ளே ஒரு மணி நேரம் மூட்டை முடிச்சு மாதிரி உட்கார்ந்திருந்தார். கத்தரிக்காய் விற்கிறவள் கூட எட்டிப் பார்த்து, "இன்னா சார், வீட்ல கோச்சிக்கினாங்களா" என்று கேட்டாள். ஆகவே நாக்கு பல்லுக்கு நடுவிலேயே இருக்கட்டும். ஒருவகையில் இந்தக் கட்டளை அவருக்கு வசதியாகவும் இருந்தது. சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று பதினோரு நாளாக வயிற்றில் கிடக்கிறது. பீச் வரைக்கும் பேசக் கூடாது என்றால் பீச் வரைக்கும் அதையும் சொல்ல வேண்டியதில்லை. பாலத்தின் உச்சியில் கார் ஒருமுறை உதறிவிட்டு, போனால் போகிறது என்று ஏறிவிட்டது. அஞ்சுகம் பெருமூச்சு விட்டாள். "பாத்தீங்களா, ஏறிடுச்சி." அவர் தலையாட்டினார். தலையாட்டுவது வார்த்தையில் சேராது.

பாலத்தில் இறங்கும்போது கீழே ரயில் போகிற சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க முகத்தை முழுக்க இடப்பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. இடது கண் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அது ஊரறிந்த விஷயம், அஞ்சுகமும் அறிந்ததுதான். கண்ணுக்குள் பிரஷராம். வலியில்லாமல், சொல்லாமல் கொள்ளாமல், ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே வந்திருக்கிறது. நல்லவேளை, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான். கார் வாங்கிய புதிதில் வீட்டு கேட்டின் இடது தூணை இரண்டு தடவை உரசினார். தூண் நகர்ந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார், அப்படியும் ஒரு திமிர். பிறகு சாவி கைமாறியது. ஒரு கண் போனால் என்ன, இன்னொன்று இருக்கிறது என்று பேப்பர் படித்துக்கொண்டும் கிரிக்கெட் பார்த்துக்கொண்டும் நிம்மதியாகத்தான் இருந்தார். பதினோரு நாளுக்கு முன்னால் பென்ஷன் ஆபீஸில் ஆயுள் சான்று கொடுக்கப் போகிறேன் என்று அஞ்சுகத்திடம் பொய் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மெஷின். அதற்குள் முகத்தை வைத்து, நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் எங்கேயாவது ஒரு வெளிச்சப் பொட்டு தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். தெரிந்தபோது அமுக்கினார். ரொம்ப நேரம் ஒன்றும் தெரியாமல் போனபோது அவருக்குப் பயம் வந்துவிட்டது. பொட்டு ஒரு கணக்காகத்தான் வருகிறது, சிக்னல் விழுகிற மாதிரி, இதோ இப்போது வந்திருக்கும் என்று குத்துமதிப்பாக அமுக்க ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் கூட அவர் காப்பியடித்ததில்லை. மெஷின் பக்கத்தில் நின்ற பெண் தோளைத் தொட்டு, "ஐயா, தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க" என்றாள், திட்டாமல், மெதுவாக. திட்டியிருந்தால் தேவலை. அப்புறம் டாக்டர் ஒரு காகிதத்தைக் காட்டினார். வட்டத்தில் ஓரமெல்லாம் கறுப்பு, நடுவில் மட்டும் வெளுப்பு. "வலது கண்லயும் ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சுங்க. போனது திரும்பாது. இருக்கறத எவ்வளவு நாள் காப்பாத்த முடியும்னு பாப்போம். ரெண்டு வருஷம் தாண்டினா சந்தோஷம். வீட்ல சொல்லிடுங்க" என்றார். சொல்லிடுங்க. சொல்வது டாக்டருக்குச் சுலபம். அஞ்சுகத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவரா சொல்லப் போகிறார்?

நுங்கம்பாக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கே உரிய சோம்பல் இருந்தது. பால் வண்டி, நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறவர்கள், ஷட்டர் பாதி தூக்கிய டீக்கடை. அவர் கண்ணுக்குள் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். இதற்காகத்தான் "பீச்சுக்குப் போலாமா" என்று நேற்று ராத்திரி கேட்டார், அவள் ஓட்டுவதைப் பார்க்க ஆசை என்று ஒரு சாக்கு. உண்மையில் ரோட்டைப் பார்க்க ஆசை. இந்த ரோடு அவருக்கு மனப்பாடம். கண்ணைக் கட்டிவிட்டால் கூட எந்த இடம் என்று சொல்லிவிடுவேன் என்று ஒரு காலத்தில் டிப்போவில் ஜம்பமடித்திருக்கிறார். வாயில் என்ன சனி இருந்ததோ. இப்போது கட்டப் போகிறார்கள். அதுவும் மனப்பாடம் செய்த ரோட்டை இருக்கவிடுகிறார்களா? வடபழனியில் மெட்ரோக்காரர்கள் தகரத்தை வைத்து அடைத்து, நேராகப் போன ரோட்டை வளைத்து, வளைந்ததை மூடி, அவரே இரண்டு இடத்தில் இது எந்த இடம் என்று விழித்தார். கண்ணும் போய் ரோடும் மாறிவிட்டால் அப்புறம் எதைப் பிடித்துக்கொண்டு நடப்பது? காய் வாங்க, மருந்து வாங்க, பேரன் வந்தால் ஸ்டேஷனுக்குப் போக, எல்லாவற்றுக்கும் இவள்தான். இவள் இந்த ஸ்டீரிங்கை விட்டுவிடக் கூடாது. முருகா, இன்றைக்கு ஒரு நாள் யாரும் இவளைத் திட்டக் கூடாது, நானும் வாயைத் திறக்கக் கூடாது. "அந்தக் காலைச் சும்மா வைங்க" என்றாள் அஞ்சுகம் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். அவர் குனிந்து பார்த்தார். வலது கால் மிதியடியை அழுத்தி அழுத்தி, அந்த இடத்தில் ரப்பர் சுருண்டு போயிருந்தது. வடபழனியிலிருந்து அவரும் பிரேக் போட்டுக்கொண்டேதான் வந்திருக்கிறார், வண்டிக்குத்தான் தெரியவில்லை.

ஜெமினி பாலத்தடியில் வந்தபோதுதான் அந்த விஷயம் நடந்தது. இடது பக்கம் ஒடித்துக் கதீட்ரல் ரோட்டில் புக வேண்டும். சின்னக் கார், சுண்டினால் திரும்பும். அஞ்சுகமோ திரும்புவதற்கு முன்னால் வண்டியை நன்றாக வலப்பக்கம் ஒதுக்கி, நிதானமாக, அகலமாக, ஒரு கல்யாண ஊர்வலமே பின்னால் வருகிற மாதிரி வட்டம் போட்டுத் திரும்பினாள். இடப்பக்கம் கிடைத்த சந்தில் ஓர் ஆட்டோ மூக்கை நுழைத்து, உரசப் பார்த்து, பிரேக் அடித்தது. "யக்கா, காரா ஓட்ற, லாரியா ஓட்ற?" என்று கத்திவிட்டுப் போனான் ஆட்டோக்காரன். அவளுக்குக் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. டிரைவிங் ஸ்கூல்காரர் கூட இதற்குத்தான் தலையிலடித்துக்கொள்வாராம், "மேடம், பின்னாடி ஒண்ணும் இல்ல மேடம், நீங்க எதுக்கு இவ்ளோ எடம் வுடுறீங்க" என்று. தெய்வசிகாமணிக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஏண்டி, இது என்ன பஸ்ஸா, பின்சக்கரம் பிளாட்பாரத்தில் ஏறிவிடும் என்று பயப்பட? கேள்வி தொண்டையில் வந்து நின்றது. நின்ற இடத்திலேயே பதிலும் கிடைத்துவிட்டது. பஸ்தான். இவள் பஸ்தான் ஓட்டுகிறாள். இவளுக்குத் திரும்பத் தெரிந்த ஒரே திருப்பம் அவருடைய திருப்பம். கல்யாணமான புதிதில் மத்தியானம் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வடபழனி ஸ்டாண்டுக்கு வருவாள். அவர் சாப்பிட்டு முடித்ததும் காலிக் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு, இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்து நீள சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். போக ஒரு சிங்கிள், வர ஒரு சிங்கிள். கடல் பார்க்க வருகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் பீச்சில் பத்து நிமிஷம் வண்டி நிற்கும்போது இறங்கக்கூட மாட்டாள். வழியெல்லாம் என்னத்தைத்தான் பார்ப்பாளோ என்று அப்போதே ஆச்சரியப்பட்டிருக்கிறார். அவர் கையைப் பார்த்திருக்கிறாள். காலைப் பார்த்திருக்கிறாள். எந்த இடத்தில் ஸ்டீரிங்கை எவ்வளவு சுற்றுகிறார், எப்போது வலப்பக்கம் ஒதுக்கிவிட்டு இடப்பக்கம் ஒடிக்கிறார் என்று, முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பார்த்ததை அப்படியே பத்திரமாக வைத்திருந்து, இந்தத் தக்கனூண்டு காரில் செய்து காட்டுகிறாள். அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டும் வார்த்தையில் சேராது என்றாலும் அடக்கிக்கொண்டார்.

அதைக் கண்டுபிடித்த பிறகு மற்றதெல்லாம் தன்னால் தெரிய ஆரம்பித்தது. கதீட்ரல் ரோட்டில் ஒவ்வொரு பஸ் ஸ்டாப் வரும்போதும் கார் கொஞ்சம் தளர்ந்து இடப்பக்கம் சாய்கிறது, ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் ஏறப்போகிறவர்கள் மாதிரி அவள் ஒரு பார்வை பார்க்கிறாள், பிறகுதான் வேகம் எடுக்கிறாள். ஒரு ஸ்டாப்பில் பூக்கூடையோடு நின்ற அம்மாள் இந்தக் கார் எதற்காக நிற்கப் பார்க்கிறது என்று புரியாமல் பின்னால் நகர்ந்துகொண்டாள். மேலே மரங்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் சாய்ந்து நிழல் போட்டிருந்தன. அவருக்கு இப்போது வலப்பக்கம்தான் தெரிகிறது, அந்தப் பக்கம்தான் அஞ்சுகம் இருக்கிறாள். மிச்சமிருக்கிற கண் அவள் பக்கத்தில் மிஞ்சியதே, அதற்காகவாவது கும்பிட வேண்டும். காதோரம் நரை, மூக்குத்தி, கீழுதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு ரோட்டை முறைக்கிற முறைப்பு. வண்டி ஓட்டும்போது இவள் இவ்வளவு அழகாக இருப்பாள் என்று தெரிந்திருந்தால் அப்போதே கற்றுக்கொடுத்திருக்கலாம். எங்கே, அவருக்குத் தன் சீட்டை விட்டுக்கொடுக்க மனசு வந்தால்தானே. உயரத்தில் உட்கார்ந்து ஊரையே இழுத்துக்கொண்டு போகிறோம் என்ற மிதப்பு. வடபழனியில் ஏறுகிறவர்கள் வியர்வையும் சிடுசிடுப்புமாக ஏறுவார்கள். இந்த ரோட்டில் இறங்க இறங்க முகம் இளகும். மயிலாப்பூர் தாண்டியதும் ஜன்னல் வழியாகக் காற்று வந்து மோதும், அப்போது குழந்தைகள் கத்துவதைக் கேட்க வேண்டுமே. திரும்பி வரும்போது குப்பத்துப் பெண்கள் மீன்கூடையோடு ஏறி, கண்டக்டர் எத்திராஜோடு கூடையை எங்கே வைப்பது என்று சண்டை போடுவார்கள். "உன் பஸ்ஸு இன்னா ரோசாப்பூ வாசனையா அடிக்குது?" என்று ஒருத்தி கேட்டதற்கு எத்திராஜுக்குக் கடைசி வரை பதில் கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்து மீன் இந்தப் பக்கத்து அடுப்புக்கு, இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கத்து மணலுக்கு. நடுவில் அவர். எதிரே அடுத்த மேம்பாலம் வந்தது. "பாலத்து மேல போவட்டா, கீழ போவட்டா?" என்று அஞ்சுகம் கேட்டாள். கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லக் கூடாது என்பது நினைவு வந்து, தானே சிரித்துக்கொண்டாள். கீழேதான் போனாள். ஸ்டாப் கீழேதானே இருக்கிறது. அந்த மேம்பாலம் கட்டிய நாளிலிருந்து அவர் வண்டியோடு ஒருநாள் கூட மேலே ஏறியதில்லை. மேலே போய்ப் பார்த்திருக்கலாம் என்று இப்போது ஓர் ஆசை வந்தது. திரும்பி வரும்போது கேட்க வேண்டும். திரும்பி வரும்போது விஷயத்தைச் சொல்லி முடித்திருப்பார், அப்போது யாருக்குப் பாலம் வேண்டியிருக்கும் என்று உடனே தோன்றியது.

பாலத்தடி சிக்னலில் சிவப்பு. நின்றாள், ஒழுங்காக நின்றாள். பச்சை விழுந்தது. கிளட்சைப் படக்கென்று விட்டாள், வண்டி ஒரு குதி குதித்து அணைந்துவிட்டது. பரவாயில்லை, எல்லோருக்கும் நடப்பதுதான். சாவியைத் திருகினாள். கியரில் இருக்கிறது, நியூட்ரலுக்குக் கொண்டுவரவில்லை, கிளட்சும் மிதிக்கவில்லை. வண்டி தவளை மாதிரி முன்னால் எம்பி மறுபடியும் செத்தது. பின்னால் ஹாரன். ஒன்று, இரண்டு, அப்புறம் ஒரே இரைச்சல். மறுபடி திருகினாள், மறுபடி எம்பியது. நியூட்ரல். ஒரே ஒரு வார்த்தை. நாலு எழுத்தோ அஞ்சு எழுத்தோ. அதை மட்டும் சொல்லிவிட்டால் வண்டி கிளம்பிவிடும், ஆனால் அவள் கிளம்ப மாட்டாள். இறங்கி நடந்துவிடுவாள், இந்தப் பாலத்தடியிலிருந்து வடபழனி வரைக்கும் நடக்கிற வைராக்கியம் உண்டு அவளுக்கு. அப்புறம் என்றைக்கும் ஓட்ட மாட்டாள், இரண்டு வருஷம் கழித்து ஓர் இருட்டு வீட்டில் அவர் உட்கார்ந்திருப்பார், அவள் பஸ் ஸ்டாப்பில் காத்துக்கொண்டிருப்பாள்.  அவள் கையைச் சாவியிலிருந்து எடுத்து ஸ்டீரிங்கில் வைத்தாள், மறுபடி சாவிக்குப் போனாள், கதவுக் கைப்பிடி பக்கம் கூடக் கை ஒரு தடவை போய் வந்தது. பைக்கில் வந்த ஒருத்தன் கண்ணாடியைத் தட்டி ஏதோ சொன்னான். அவளுடைய கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.  என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் அவர் உதட்டைக் குவித்துவிட்டார். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டு மறுபடி ஊதினார். நீளமாக, ஒரே ஒரு விசில். ஒரு விசில் என்றால் நிறுத்து. இருபத்தெட்டு வருஷம் அந்தச் சத்தத்துக்குக் கட்டுப்பட்டவரே தவிர, அவர் ஊதியதில்லை. ஊதுவது எத்திராஜின் உரிமை. அஞ்சுகத்தின் கை நின்றது. ஹாரன் ஒரு பக்கம் அலறிக்கொண்டிருக்க, அவள் அப்படியே ஒரு நொடி உட்கார்ந்தாள். ஒரு விசில் கேட்டதும் அந்த டிரைவர் என்ன செய்வார் என்று நீள சீட்டிலிருந்து பார்த்தவளாயிற்றே. காலால் பிரேக்கை மிதித்தாள். கிளட்சை மிதித்தாள். இடது கை தன்னால் கியருக்குப் போய், கம்பியை நடுவுக்கு இழுத்து, இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தது. அவர் ஆட்டுகிற அதே ஆட்டு. சாவியைத் திருகினாள். இன்ஜினுக்கு உயிர் வந்தது. முதல் கியரைப் போட்டுவிட்டு, முன்னால் பார்த்தபடி காத்திருந்தாள். அவர் ஊதினார், சின்னதாக இரண்டு. போகலாம். கார் போயிற்று, ஒரு குலுக்கல் கூட இல்லாமல். அடுத்த ஸ்டாப்பிலும் அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு வேகம் எடுத்தாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "விசில் அடிக்கக் கூடாதுன்னு நான் சொல்லல" என்றாள்.

மயிலாப்பூரைத் தாண்டியதும் காற்று மாறியது. உப்பு, ஈரம், கொஞ்சம் மீன் கவிச்சி. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் இந்த இடம் தெரியும், அதுவரைக்கும் ஒரு தைரியம். பறக்கும் ரயில் பாலத்துக்கு அடியில் போகும்போது நிழல் ஒரு பட்டையாக மேலே விழுந்து நகர்ந்தது. அதற்கப்புறம் ரோடு நேரே கடலைப் பார்த்து விரியும். கோடியில் ஒரு நீலக் கோடு. அவருக்கு நடுவில் நன்றாகத்தான் தெரிந்தது. ஓரங்கள்தான் இல்லை. இந்த இடத்தில் வந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வராமல் இருக்காது. சுனாமி வந்த காலை. ஒன்றும் தெரியாமல் கடலைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்; எதிரே ரோடு அகலத்துக்கும் ஆட்கள் ஓடிவந்தார்கள், ஈரத்துணியோடு, குழந்தையை இடுப்பில் அழுத்திக்கொண்டு, தண்ணி வருது, தண்ணி வருது என்று. வண்டியைத் திருப்பிப் போட்டார். ஏற ஏற ஏற்றினார்கள். பின்னால் என்ன வருகிறது என்று கண்ணாடியில் பார்க்க அவருக்குத் தைரியமில்லை. எத்திராஜின் விசிலை மட்டும் கேட்டுக்கொண்டு ஓட்டினார். ஒன்று என்றால் நின்றார், யாரோ ஏறினார்கள், இரண்டு என்றால் போனார். ஜெமினி வரைக்கும் அவர் பின்னால் திரும்பவே இல்லை. அன்றைக்கு அஞ்சுகம் வீட்டு வாசலிலேயே நின்று, அவர் வந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் சட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், நனைந்திருக்கிறதா என்று. இப்போது அந்த நினைப்பில் அவர் இருந்தபோது கார் சடாரென்று நின்றது. சீட்பெல்ட் நெஞ்சைப் பிடித்தது. என்ன என்று பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் இடப்பக்கத்திலிருந்து, ஒன்றுமே இல்லாத அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு கிழவர் தள்ளுவண்டியோடு வந்து அவர் கண்ணுக்குள் நுழைந்தார். காருக்கும் வண்டிக்கும் ஒரு முழம் இருந்தால் அதிகம். கிழவர் அஞ்சுகத்தைப் பார்த்துக் கையைத் தூக்கிவிட்டு, நிதானமாக ரோட்டைக் கடந்து போனார். இவர் பார்க்கவே இல்லை. அவள் பார்த்தாள், நிறுத்தினாள், இப்போது முதல் கியர் போட்டுக்கொண்டிருக்கிறாள். இனிமேலும் தள்ளிப்போட முடியாது என்று தெய்வசிகாமணிக்குத் தெரிந்துவிட்டது.

காந்தி சிலை ஸ்டாப்பைத் தாண்டி, உள் ரோட்டில் புகுந்து, மணலைப் பார்க்க வண்டியை நிறுத்தினாள். இரண்டு கார் நிற்கிற இடத்தை எடுத்துக்கொண்டாள், பஸ் நிறுத்துகிறவள் வேறென்ன செய்வாள். இன்ஜினை அணைத்ததும் கடலின் சத்தம் கேட்டது. "இப்ப பேசலாம்" என்றாள் பெருமையாக. "எப்படி ஓட்னேன், சொல்லுங்க."  இத்தனை நேரம் முட்டிக்கொண்டு நின்ற வார்த்தைகள் ஒன்றையும் காணோம். "நல்லா ஓட்ன அஞ்சு. என்னைவிட நல்லா ஓட்ன." அப்புறம், நின்றால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று, மூச்சு விடாமல் சொன்னார். "எனக்கு இந்தக் கண்ணும் போவப் போவுதுடி. டாக்டர் சொல்லிட்டாரு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம வெச்சிருந்தேன்." அவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பென்ஷன் ஆபீஸ்ல கண்ணுல மருந்து வுட்டு அனுப்புவாங்களா?" என்றாள். அவருக்குப் புரியவில்லை. "அன்னிக்கு வந்தீங்களே, கருவிழி இவ்ளோ பெருசா, வெயிலப் பாக்க முடியாம, செவத்தைப் புடிச்சிக்கிட்டு. பதினோரு நாளா நீங்களே சொல்வீங்க, நீங்களே சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டிருக்கேன். பக்கத்துல படுத்துக்கிட்டு, தூங்கற மாதிரி நடிக்கறதையும் பாத்துக்கிட்டிருக்கேன்." குரல் உடைந்தது. "எவ்ளோ நாளாம்?" "ரெண்டு வருஷம். கூடவும் இருக்கலாம்." அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவரும் அழுதார், தெரிகிற கண்ணிலும் தெரியாத கண்ணிலும் தண்ணீர் ஒரே மாதிரிதான் வந்தது. காருக்கு முன்னால் இரண்டு குழந்தைகள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மணலில் ஓடின.

கொஞ்ச நேரம் கழித்து, "நான் உனக்கு என்ன ஒத்தாசைடி பண்ணுவேன் இனிமே" என்றார். "நீ ரோட்டப் பாப்பியா, என்னைப் பாப்பியா? பக்கத்துல ஒரு பாரம்." அஞ்சுகம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அசட்டுக் கேள்வி கேட்ட பிள்ளையைப் பார்க்கிற மாதிரி அவரைப் பார்த்தாள். "எத்திராஜ் அண்ணன் என்ன, ரோட்டப் பாத்துக்கிட்டா விசில் அடிச்சாரு? பின்வாசல்ல, கும்பலுக்கு நடுவுல, ரோட்டுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நின்னாரு. நீங்க ஓட்டல?"  அவள் சாவியைத் திருகினாள். கிளட்சை மிதித்து, கியரை நடுவில் ஆட்டிப் பார்த்து, முதலாவதைப் போட்டாள். இரண்டு கையையும் ஸ்டீரிங்கில் வைத்துக்கொண்டாள். "திரும்பிப் போறப்போ பாலத்து மேல போவலாம்" என்றாள். "மேல இன்னா இருக்குன்னு நானும் பாத்ததில்ல." வண்டி நகரவில்லை. ஏதாவது மறந்துவிட்டாளோ என்று அவர் திரும்பிப் பார்த்தார். அவள் நேரே பார்த்தபடி காத்துக்கொண்டிருந்தாள். தெய்வசிகாமணி உதட்டை நனைத்துக்கொண்டார். வலது கண்ணையும் மூடிக்கொண்டு, இரண்டு விசில் கொடுத்தார். வண்டி கிளம்பியது.